கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைனில் கலை வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் கலை வரலாற்றை ஆன்லைனில் படிக்க நினைக்கும் தமிழர்களுக்காக எழுதியது இது. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கானது) வந்து வீட்டில் இருப்பவர்கள், பிள்ளைக்காக விசாரிக்கும் பெற்றோர்கள், பட்டத்துக்குக் கலைப் பாடம் ஒன்று கட்டாயம் என்பதால் தேடி வரும் மாணவர்கள் என்று கேட்பவர்கள் பல ரகம். வேறு மாநிலங்களில் கட்டணமும் விதிகளும் வேறு. பாடம் மட்டும் எங்கேயும் ஏறக்குறைய இதேதான்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன? யார் சேரலாம்?

பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் பொதுக் கல்லூரி. கலிஃபோர்னியாவில் 116 இருக்கின்றன. 18 வயது நிரம்பிய யாரும் சேரலாம். நுழைவுத் தேர்வு கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. சிசிசி அப்ளை என்ற பொது இணையதளத்தில் விண்ணப்பம் போட்டால் போதும். ஒரே ஒரு பாடம் மட்டும் எடுத்துப் படித்துவிட்டுப் போகலாம், அல்லது இரண்டு வருடம் முடித்து யுசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), சிஎஸ்யு (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) என்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாம் ஆண்டில் சேரலாம்.

எவ்வளவு செலவாகும்?

கலிஃபோர்னியாவாசி என்று கல்லூரி ஏற்றுக்கொண்டவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். யூனிட் என்பது பாடத்தின் எடையை அளக்கும் கணக்கு, கிரெடிட் என்றும் சொல்வார்கள். கலை வரலாற்றுப் பாடம் பெரும்பாலும் 3 யூனிட், ஆக 138 டாலர். இதோடு உடல்நலக் கட்டணம் போன்ற சில்லறைகள் சேரும். செமஸ்டருக்குப் பதிலாக அதைவிடக் குறுகிய பருவங்களில் நடத்தும் டி அன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் யூனிட்டுக்கு 31 டாலர். குறைவாகத் தெரிந்தாலும் குவார்ட்டர் யூனிட் சிறியது, கடைசியில் கணக்கு ஒன்றுதான்.

கலிஃபோர்னியாவாசி என்று ஆக, ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே குடியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். எச்-1பி, எச்-4 விசாக்காரர்களும் இதைக் காட்டி உள்ளூர்க் கட்டணத்தில் படிக்கலாம். வாடகை ஒப்பந்தம், வரித்தாக்கல், ஓட்டுநர் உரிமம் எல்லாம் தேதி தெளிவாக இருக்கும்படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தகுதி இல்லாதவர்களுக்கு யூனிட் விலை சில நூறு டாலருக்குத் தாவிவிடும். அந்த விலையில் ஆர்வத்துக்காக மட்டும் சேருவதை நான் சொல்லமாட்டேன். இலவசமாகக் கற்கவே நிறைய வழி இருக்கிறது.

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். முழுக்க ஆன்லைனில் படிக்கலாமா?

முடியாது. முழுநேர மாணவர் என்ற கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 யூனிட் வரைதான் சேரும். மீதி எல்லாம் நேரில் போய்ப் படிக்கிற வகுப்பாக இருக்க வேண்டும். பதிவு செய்யும் முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எச்-4-க்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

எந்தப் பாடத்தில் தொடங்குவது?

முதல் வரிசையில் ஆர்ட் அப்ரிசியேஷன் என்று ஒன்று இருக்கும். அது அறிமுகம், காலவரிசையில் போகாது. கலைத் தேவையை முடித்தால் போதும் என்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். உண்மையான கலை வரலாறு என்றால் மேற்கத்தியக் கலையின் இரண்டு பகுதிகள்: ஆதிகாலத்திலிருந்து இடைக்காலம் வரை ஒன்று, மறுமலர்ச்சியிலிருந்து இன்று வரை இன்னொன்று. முதல் பகுதியை முடிக்காமல் இரண்டாவதை எடுக்கலாமா என்றால், பெரும்பாலான கல்லூரிகளில் எடுக்கலாம். ஆசியக் கலை, ஆப்பிரிக்க-ஓசியானிய (பசிபிக் தீவுகள்)-அமெரிக்கப் பூர்வகுடிக் கலை, நவீனக் கலை என்று தனித்தனிப் பாடங்களும் உண்டு.

என் யோசனை, மறுமலர்ச்சிக்குப் பிந்தைய பகுதியில் தொடங்குங்கள். நம்மில் பலருக்கு மைக்கலாஞ்சலோ, ரெம்ப்ராண்ட், பிக்காசோ பெயர்களாவது காதில் விழுந்திருக்கும். சுமேரிய முத்திரையில் தொடங்கினால் மூன்றாவது வாரமே அலுத்துப்போகலாம். அப்புறம் ஆசியக் கலைக்கு வாருங்கள். அங்கே நமக்கு இருக்கும் சாதகத்தையும் ஆபத்தையும் கீழே சொல்கிறேன்.

உங்கள் ஊர்க் கல்லூரியில் இடம் நிறைந்துவிட்டால் கலிஃபோர்னியா வர்ச்சுவல் கேம்பஸ் என்ற தளத்தில் மாநிலம் முழுவதும் உள்ள ஆன்லைன் வகுப்புகளைத் தேடி, வேறு கல்லூரியில் அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுக்க முடியும்.

ஆன்லைன் வகுப்பு என்றால் ஜூமில் உட்கார வேண்டுமா?

இரண்டு வகை இருக்கிறது. சிங்க்ரனஸ் என்று போட்டிருந்தால் குறிப்பிட்ட நேரத்துக்கு ஜூமில் வரவேண்டும். அசிங்க்ரனஸ் என்றால் உங்கள் நேரம், ஆனால் வாராவாரம் கெடு உண்டு. கலை வரலாற்றில் இரண்டாவது வகை அதிகம்.

எல்லாம் கேன்வாஸ் என்ற தளத்தில் நடக்கும். திங்கட்கிழமை அந்த வார மாட்யூல் திறக்கும். வாசிப்பு, பேராசிரியரின் வீடியோ, ஒரு சின்ன க்விஸ், ஒரு டிஸ்கஷன். டிஸ்கஷனில் வாரத்தின் நடுவில் உங்கள் பதிவு, ஞாயிறு இரவுக்குள் சக மாணவர்கள் இரண்டு பேருக்குப் பதில் என்பது வழக்கமான ஏற்பாடு. "அருமையாக எழுதியிருக்கிறீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்ற பதிலுக்கு மார்க் விழாது. அவர் பார்க்காமல் விட்ட ஒன்றை நீங்கள் படத்தில் காட்ட வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம். முதல் வாரத்து அறிமுகப் பதிவைப் போடாவிட்டால் வகுப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். உதவித்தொகையைச் சுருட்டுவதற்காகப் போலிப் பெயர்களில் சேருபவர்கள் இந்தக் கல்லூரிகளுக்குப் பெரிய தலைவலி. அதனால் நீங்கள் நிஜ மனிதர்தான் என்று முதல் வாரமே தெரியவேண்டும். ஊருக்குப் போகும் விமானப் பயணத்தை அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

ஒரு யூனிட்டுக்கு மொத்தம் 48 மணி நேர உழைப்பு என்பது மாநிலக் கணக்கு. 3 யூனிட்டுக்கு 144. பதினாறு வாரச் செமஸ்டரில் வாரம் 9 மணி, எட்டு வார வகுப்பில் 18, ஆறு வாரக் கோடை வகுப்பில் 24. கோடையில் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று சேருபவர்கள் இந்தக் கடைசி எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இது சுலபமாக ஏ கிரேடு வாங்கும் பாடம்தானே?

இல்லை. மனப்பாடத்தில் தப்பித்துவிடலாம் என்று வருபவர்கள்தான் முதல் கட்டுரையில் சறுக்குகிறார்கள். பெயரும் வருடமும் கால்வாசி வேலை. மீதி, கண்ணால் பார்த்ததை வாக்கியத்தில் எழுதுவது.

அசல் ஓவியத்தைப் பார்க்காமல் திரையில் கலையைப் படிப்பது அர்த்தமுள்ளதா?

நியாயமான கேள்வி. ஆனால் வகுப்பறையில் உட்கார்ந்து படித்தவர்கள் மட்டும் அசலைப் பார்த்தார்களா என்ன? இருட்டறையில் சுவரில் விழும் ஸ்லைடைத்தான் பார்த்தார்கள். இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாடம் நடத்தும் பழக்கத்தை நிலைநாட்டியவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்துக் கலை வரலாற்றாசிரியர் ஹைன்ரிக் வோல்ஃப்லின். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கலை வரலாறு பிரதிகளை வைத்துத்தான் ஓடுகிறது. கோடாக் நிறுவனம் 2004-இல் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பதை நிறுத்தியது. அதன்பின் எல்லாரும் டிஜிட்டல்தான்.

திரையில் சில விஷயங்கள் நேரில் பார்ப்பதைவிட நன்றாகவே தெரியும். லண்டன் நேஷனல் கேலரியில் யான் வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி ஓவியம் இருக்கிறது. ஒரு கணவன், ஒரு மனைவி, ஓர் அறை. கேலரியின் இணையதளத்தில் இதைத் திறந்து பெரிதாக்கிக்கொண்டே போங்கள். பின்சுவரில் குவிந்த கண்ணாடி ஒன்று தொங்குகிறது. அதில் தம்பதியின் முதுகும், வாசலில் நிற்கும் இன்னும் இரண்டு பேரும் தெரிகிறார்கள். கண்ணாடியின் சட்டத்தைச் சுற்றிப் பத்துக் குட்டி வட்டங்கள். இன்னும் நெருங்கினால் ஒவ்வொன்றிலும் கிறிஸ்துவின் பாடுகள். கண்ணாடிக்கு மேலே சுவரில், யான் வான் ஐக் இங்கே இருந்தான் என்று லத்தீனில் எழுத்து. விளக்குக் கொத்தில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. அந்தப் பெண் கர்ப்பிணி என்று எல்லாரும் முதலில் எழுதுவார்கள். கையைப் பாருங்கள். கனமான பச்சைத் துணியை அள்ளி வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள், அவ்வளவுதான். அது கல்யாணச் சாட்சிப் பத்திரம் மாதிரியான ஓவியம் என்று கலை வரலாற்றாசிரியர் எர்வின் பானோஃப்ஸ்கி 1934-இல் வாதிட்டார். பின்னால் வந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நீங்கள் யார் பக்கம் என்பதைப் படத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

திரை பொய் சொல்லும் இடம் அளவு. ஆஸ்திரியாவின் விலென்டார்ஃபில் 1908-இல் கிடைத்த கற்காலப் பெண்ணுருவம் 11 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். மைக்கலாஞ்சலோவின் டேவிட் 5 மீட்டருக்கும் மேல். உங்கள் லேப்டாப்பில் இரண்டும் ஒரே உயரம். அர்னோல்ஃபினி ஓவியம் 82-க்கு 60 சென்டிமீட்டர்தான். வெலாஸ்கேஸ் வரைந்த லாஸ் மெனினாஸ் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். அதன் முன் நின்றால் அந்த அறைக்குள் நீங்களும் நிற்பதுபோல் இருக்கும். அந்தப் பிரமைதான் ஓவியத்தின் விஷயமே, திரையில் அது வராது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் அளவைக் குறித்துக்கொண்டு, வீட்டுச் சுவரில் டேப் வைத்து அளந்து பாருங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

போனில் மட்டும் படிக்காதீர்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் மோடை அணைத்துவிடுங்கள். இத்தாலியின் பாதுவாவில் ஜோட்டோ வரைந்த சிற்றாலயத்தின் நீலக் கூரையை மஞ்சள் வடிகட்டியில் பார்த்துவிட்டு வண்ணத்தைப் பற்றி எழுதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அருங்காட்சியகக் கட்டுரை என்கிறார்களே, அது என்ன?

பல பேராசிரியர்கள் பருவத்தில் ஒருமுறையாவது நேரில் போய் ஒரு படைப்பைப் பார்த்து எழுதச் சொல்வார்கள். அதன் பக்கத்தில் நின்று ஒரு படமும் எடுத்து அனுப்பச் சொல்வதுண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கெட்டி சென்டர், பிராட், ஹாமர் ஆகியவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, கெட்டியில் கார் நிறுத்தத்தான் காசு. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவர்களுக்கு ஏஷியன் ஆர்ட் மியூசியம். பக்கத்தில் ஒன்றும் இல்லாத ஊரில் இருந்தால் முதல் வாரமே பேராசிரியருக்கு எழுதி மாற்று ஏற்பாடு கேளுங்கள்.

பென்சில் கொண்டு போங்கள், பேனாவை அனுமதிக்கமாட்டார்கள். பத்துப் படைப்புகளைச் சுற்றிப் பார்க்காமல் ஒன்றின் முன் இருபது நிமிடம் நில்லுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றும். கட்டுரை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். திரையில் தெரியாததை எழுதுங்கள்: பக்கவாட்டில் நின்றால் சாயத்தின் தடிமன், சிற்பத்தின் முதுகுப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, எவ்வளவு தூரத்தில் நின்றால் தூரிகைக் கோடுகள் உருவமாகச் சேருகின்றன.

ஆசியக் கலைப் பாடத்தில் நம் ஊர் வருமா? நமக்கு சுலபமாக இருக்குமா?

வரும். சோழர் கால நடராசர் இல்லாத ஆசியக் கலைப் பாடத்தை நான் பார்த்ததில்லை. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகத்தில் 68 சென்டிமீட்டர் உயரமுள்ள 11-ஆம் நூற்றாண்டு நடராசர் இருக்கிறார். பாடங்களில் அடிக்கடி காட்டப்படுபவர் அவர். கொழும்பில் 1877-இல் பிறந்து, 1917 முதல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தியச் சேகரிப்பைக் கவனித்துக்கொண்ட ஆனந்த குமாரசுவாமியின் பெயரும் வரும். நடராசரை மேற்கத்திய வாசகருக்கு விளக்கியதில் அவர் பங்கு பெரியது.

ஆனால் சுலபமா என்றால், இங்கேதான் நம்மவர்கள் மார்க்கை விடுகிறார்கள். விஷுவல் அனாலிசிஸ் என்ற கட்டுரையில் கண்ணில் படுவதிலிருந்து தொடங்க வேண்டும். நாம் ஐந்தொழில், ஆணவம், தில்லை, பதஞ்சலி என்று தொடங்கிவிடுவோம். எல்லாம் சரிதான், ஆனால் அது நமக்கு முன்பே தெரிந்தது, அந்தச் சிலையைப் பார்க்காமலே எழுத முடிந்தது. பேராசிரியர் கேட்பது வேறு. திருவாசியின் வட்டத்துக்குள் கைகளும் கால்களும் கோணம் கோணமாக வெட்டிக்கொண்டு போயும் உருவம் ஏன் சாயவில்லை? முழு எடையும் முயலகன் மேல் ஊன்றிய வலது காலில் இறங்குகிறது, தூக்கிய இடது காலும் அதை நோக்கித் தாழ்ந்த கையும் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. உடம்பு இவ்வளவு சுழன்றும் முகம் மட்டும் ஏன் அசையாமல் நேராகப் பார்க்கிறது? இதையெல்லாம் எழுதிவிட்டு, அப்புறம் சைவ சித்தாந்தத்துக்கு வாருங்கள். கட்டுரை நிற்கும்.

நமக்கு இருக்கும் உண்மையான சாதகம் ஒன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் வெறும் உலோகமாக நிற்கும் இந்த உருவம் உற்சவர் என்பது நமக்குத் தெரியும். பட்டும் மாலையும் சாத்தி, முகமும் கையும் மட்டும் தெரிய, தோளில் தூக்கி வீதியில் ஆடி ஆடி வந்ததைப் பார்த்தவர்கள் நாம். பீடத்தில் கழி கோக்கும் துளை எதற்கு என்று வகுப்பில் மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருப்பார்கள். அதை டிஸ்கஷனில் எழுதுங்கள், படிக்க ஆள் இருக்கும்.

இந்தச் சிலைகள் வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு எப்படிப் போயின என்ற கேள்வியும் பாடத்தில் உண்டு. பாசடீனாவின் நார்டன் சைமன் அருங்காட்சியகத்துக்கு 1970-களில் போன சிவபுரம் நடராசர், வழக்கு, உடன்பாடு எல்லாம் முடிந்து 1986-இல் இந்தியாவுக்குத் திரும்பினார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் வாங்கி, 2014-இல் திருப்பிக் கொடுத்தது. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு தேடுபவர்களுக்கு இது நல்ல களம், தமிழ்ச் செய்தித்தாள்களையும் படிக்கத் தெரிந்தவருக்கு இன்னும் நல்லது.

தேர்வு எப்படி இருக்கும்?

படத்தைக் காட்டி, கலைஞர் யார், பெயர் என்ன, எந்தக் காலம், எந்த ஊர், என்ன பொருளால் ஆனது என்று கேட்பார்கள். ஆன்லைனில் புத்தகத்தைப் புரட்டலாம் என்பதால் ஒப்பீட்டுக் கேள்விக்குத்தான் எடை அதிகம். இதுவரை காட்டாத ஒரு படத்தைக் கொடுத்து, எந்தக் காலம் என்று ஊகித்துக் காரணம் சொல்லச் சொல்வதும் உண்டு. ஊகம் தப்பினாலும் காரணம் நன்றாக இருந்தால் மார்க் கிடைக்கும்.

புத்தகம் வாங்க வேண்டுமா?

கார்ட்னர், ஸ்டோக்ஸ்டாட் போன்ற தடிப் புத்தகங்கள் விலை அதிகம். வகுப்புப் பட்டியலில் ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட் என்ற குறி இருக்கும் வகுப்பாகத் தேடி எடுங்கள். அவற்றில் பெரும்பாலும் ஸ்மார்ட் ஹிஸ்டரி தளம்தான் பாடநூல். பெத் ஹாரிஸ், ஸ்டீவன் சக்கர் என்ற இரண்டு கலை வரலாற்றாசிரியர்கள் தொடங்கியது, முழுவதும் இலவசம். இரண்டு பேர் ஓர் ஓவியத்தின் முன் நின்று பேசிக்கொள்வது போன்ற அந்த வீடியோக்களைப் பார்த்தாலே எப்படிப் பார்ப்பது என்பது பிடிபட்டுவிடும். மெட் அருங்காட்சியகம் 2017-இல் காப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத தன் படங்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. கட்டுரைக்குப் படம் தேடுபவர்கள் முதலில் அங்கே போகலாம்.

சாட்ஜிபிடியை வைத்துக் கட்டுரை எழுதலாமா?

சிலபஸில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். இந்தப் பாடத்தில் மாட்டிக்கொள்வது சுலபம். எந்த ஓவியத்துக்கும் பொருந்துகிற மாதிரி பேசும், சில சமயம் படத்தில் இல்லாத நாயையும் ஜன்னலையும் வர்ணிக்கும். படத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் முதல் பத்தியிலேயே பிடித்துவிடுவார்.

நான் தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் எழுத வருமா?

வரும். இந்தப் பாடத்துக்கு அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. எது எங்கே இருக்கிறது, கண் எந்தப் பக்கம் போகிறது, ஏன் போகிறது என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினால் போதும். கல்லூரிகளின் ரைட்டிங் சென்டர் இலவசம், ஆன்லைனிலும் உதவுவார்கள். கெடுவுக்கு முந்தைய நாள் போகாமல் ஒரு வாரம் முன்பே போங்கள். பெயர்களின் உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம், அமெரிக்க மாணவர்களுக்கும் பாதி வாயில் வராது.

பள்ளியில் படிக்கும் மகளைச் சேர்க்கலாமா?

பள்ளி ஒப்புதல் கொடுத்தால் சேர்க்கலாம். பகுதி நேரமாக எடுக்கும் பள்ளி மாணவர்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் யூனிட் கட்டணம் கிடையாது. ஆனால் பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது நிஜக் கல்லூரி மதிப்பெண், நிரந்தரப் பதிவில் நிற்கும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பி-யும் சி-யும் கூடவே போகும். பேராசிரியர் உங்களுடன் மதிப்பெண் பற்றிப் பேசவும் மாட்டார், மாணவிதான் எழுத வேண்டும். கல்லூரித் தரத்தில் பள்ளியில் நடத்தும் ஏபி பாடங்களில் ஒன்றான ஏபி ஆர்ட் ஹிஸ்டரி பள்ளியிலேயே இருந்தால் அதையும் யோசியுங்கள். 250 படைப்புகள், மே மாதம் ஒரே தேர்வு. வருடம் முழுக்க உழைத்து ஒரு நாளில் நிரூபிப்பது பிடிக்குமா, வாரா வாரம் எழுதுவது பிடிக்குமா என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

பட்டமாகவே படித்து பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆக முடியுமா?

முடியும். கலை வரலாற்றில் ஏஏ-டி என்ற, டிரான்ஸ்ஃபருக்காகவே அமைத்த 60 யூனிட் இரண்டு வருடப் பட்டம் இருக்கிறது. 2.0 சராசரியோடு முடித்தால் சிஎஸ்யு அமைப்பில் ஓர் இடம் உறுதி, நீங்கள் விரும்பும் வளாகமே கிடைக்கும் என்று உறுதி இல்லை. உள்ளூர்க் கட்டணத்தில் 60 யூனிட் என்றால் 2,760 டாலர். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை அசிஸ்ட் என்ற மாநிலத் தளத்தில் பார்க்கலாம். கவுன்சலர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அசிஸ்டில் நீங்களும் சரிபாருங்கள்.

வேலை கிடைக்குமா?

இந்த ஒரு பட்டத்தை வைத்துக் கிடைப்பது கடினம். அருங்காட்சியக வேலைகள் குறைவு, ஆய்வாளர் பதவிகளுக்கு முனைவர் பட்டம் கேட்பார்கள். ஐடி சம்பளத்தோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. டிசைன், கட்டடக்கலை, ஆசிரியர் பணி, ஆவணக் காப்பகம் என்று போகிறவர்களுக்கு இது கூடுதல் பலம்.

வகுப்பு முடிந்தபின் கேன்வாஸில் உள்ளவை நமக்குக் கிடைக்குமா?

பெரும்பாலும் பருவம் முடிந்த சில நாட்களிலோ வாரங்களிலோ மூடிவிடுவார்கள். கடைசி வாரத்திலேயே உங்கள் கட்டுரைகளையும், ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்புகளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிலபஸையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வேறு மாநிலத்திலோ நாட்டிலோ படிக்கப் போனால், இந்த 3 யூனிட்டை ஏற்றுக்கொள்ள முதலில் கேட்பது அதைத்தான்.